ஹெயான் ஷோடான் கட்டா: காலடியிலிருந்து பிரித்துப் பார்த்த பதிவு

கராத்தே வகுப்பில் சேர்ந்த முதல் சில மாதங்களுக்குள் கைக்கு வந்துவிடும் கட்டா (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை) ஹெயான் ஷோடான். மொத்தம் 21 அசைவுகள். எல்லோரும் இதைக் கையை வைத்தே மனப்பாடம் செய்கிறார்கள்: கீழே பிளாக், பஞ்ச், திரும்பிக் கீழே பிளாக், ஒரு குத்து, மறுபடி பஞ்ச். பிறகு ஒருநாள் "இதற்கெல்லாம் என்ன அர்த்தம்" என்று பிரித்துப் பார்க்க உட்காரும்போதும் அதே கைக்கணக்கில்தான் தொடங்குகிறார்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. இந்தப் பதிவில் கைக்குக் கடைசி இடம். பாதம் எங்கே விழுந்தது, எடை எந்தக் காலில் நின்றது, திருப்பத்தில் பாதத்தின் எந்தப் பகுதி சுழன்றது என்பதை முதலில் பார்த்துவிட்டால், கையின் வேலை பாதி தானாகவே விளங்கிவிடும்.

கட்டாவின் பூர்வீகம் ஒக்கினாவா. இடோசு அங்கோ (1831–1915) பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அமைத்த ஐந்து பினான் கட்டாக்களில் இதுவும் ஒன்று. 1922-இல் ஒக்கினாவாவிலிருந்து தோக்கியோவுக்குப் போன ஃபுனாகோஷி கிச்சின் பிற்பாடு அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றி, முதலிரண்டின் வரிசையையும் மாற்றி வைத்தார். அதனால் ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவின் வகுப்பில் ஹெயான் ஷோடான் என்பது வாடோ-ரியூ, ஷிட்டோ-ரியூ என்ற வேறு பிரிவுகளின் வகுப்புகளில் பினான் நிடான். நிலைகளும் அங்கே கொஞ்சம் மாறும். கீழே உள்ள அளவுகள் ஷோட்டோகான் முறைக்கு மட்டும்.

தரை

இரண்டு தரை வேண்டும். ஒன்று காவிரி மணல், இன்னொன்று சிமெண்டுத் தளம். மணலில் பாதம் சுழன்ற விதம் தெரியும், நீளம் சரியாகத் தெரியாது. கால் புதைவதால் ஸ்டான்ஸ் (கால் வைத்து நிற்கும் நிலை) எப்போதும் உள்ளதைவிடக் குட்டையாகவோ அகலமாகவோ போகும். சிமெண்டில் நீளம் தெரியும், சுழற்சி தெரியாது. ஒன்றை வைத்து இரண்டையும் அளக்கப் போனால் இரண்டும் கெட்டது.

மணலுக்குச் சித்திரையும் வைகாசியும்தான் காலம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அதற்கு முன்னால் திருவையாற்றுப் பக்கம் ஆற்றில் இறங்கி நடக்கும்படி மணல் கிடக்கும். மணல் அள்ளிய பள்ளம் இருக்கிற பக்கம் போக வேண்டாம். காலை ஏழு மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது; வெயில் ஏறினால் மணலும் சுடும், மேல் ஈரமும் போய்விடும். காய்ந்த மணல் தடத்தை ஏந்தாது, ஓரம் சரிந்து குழியாகிவிடும். மேல் மணலை மண்வெட்டியால் நான்கைந்து விரல் ஆழத்துக்கு வழித்தால் அடியில் ஈரமணல் வரும். அதைக் கொத்தனார் மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்து, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். கிழக்கு மேற்காக 4 மீட்டர், வடக்கு தெற்காக 5 மீட்டர் (13 அடிக்கு 16 அடி) இருந்தால் வளர்ந்த ஆள் முழுக் கட்டாவையும் உள்ளேயே முடிக்கலாம்.

நடுவில் கொத்தனார் நூலால் இரண்டு கோடு. மூலை சரியாக இருக்க 3 அடி, 4 அடி, 5 அடி முக்கோணம் போட்டுக்கொள்ளவும். கண்மதிப்பில் போட்ட கோடு ஐந்து பாகை சாய்ந்திருந்தாலும் மூன்று மீட்டர் தள்ளிப் போகும்போது 26 செ.மீ. பிசகு காட்டும். பிறகு அந்தப் பிசகைக் காலின் மேல் போட்டுத் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திசையை இடம், வலம் என்று எழுதக் கூடாது. ஆள் திரும்பத் திரும்ப இடமும் வலமும் மாறும்; இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் யார் வலம் என்றே தெரியாது. டெல்டாக்காரர்கள் பேசுகிற மாதிரியே திசையைச் சொல்லலாம். ஆற்றுக்குள் நின்று திருவையாற்றுப் படித்துறையைப் பார்த்தால் அது வடக்கு. கல்லணைப் பக்கம் மேற்கு, பூம்புகார்ப் பக்கம் கிழக்கு, முதுகுக்குப் பின்னால் தஞ்சாவூர் தெற்கு. கட்டா வடக்கு பார்த்துத் தொடங்குகிறது.

21 அசைவும் திசையும்

மேற்கே திரும்பி இடது கெதான் பராய், அதாவது கீழ் பிளாக் (1), வலது கால் எடுத்து வைத்து ஓய்-சுக்கி, அதாவது முன்னேறிக் குத்தும் பஞ்ச் (2). அப்படியே வலமாக 180 பாகை திரும்பிக் கிழக்கே வலது கெதான் பராய் (3). முன்காலை உள்ளே இழுத்து வலக்கை தெட்சுய், அதாவது சுத்தியல் குத்து (4). இடது கால் வைத்து ஓய்-சுக்கி (5). வடக்கே திரும்பி இடது கெதான் பராய் (6), வடக்கே முன்னேறி வலது, இடது, வலது என்று மூன்று அகே-உகே, அதாவது மேல் பிளாக் (7, 8, 9), ஒன்பதில் கியாய் என்ற உரத்த கத்தல். இடமாக 270 பாகை சுற்றிக் கிழக்கே இடது கெதான் பராய் (10), ஓய்-சுக்கி (11). 180 பாகை திரும்பி மேற்கே வலது கெதான் பராய் (12), ஓய்-சுக்கி (13). தெற்கே திரும்பி இடது கெதான் பராய் (14), தெற்கே மூன்று ஓய்-சுக்கி (15, 16, 17); பதினேழில் கியாய். மறுபடி 270 பாகை சுற்றி மேற்கே இடது ஷுத்தோ-உகே, அதாவது விரித்த கையின் ஓரத்தால் பிளாக் (18), வடமேற்கே வலது (19), 135 பாகை திரும்பிக் கிழக்கே வலது (20), வடகிழக்கே இடது (21). இடது காலை இழுத்து யாமே, அதாவது முடிவு.

எண்ணிப் பார்த்தால் கெதான் பராய் 6, ஓய்-சுக்கி 7, அகே-உகே 3, ஷுத்தோ-உகே 4, தெட்சுய் 1. பெயரை நம்பினால் பதின்மூன்று பிளாக், எட்டு அடி. ஆனால் ஜப்பானிய மொழியில் "உகே" என்பது ஏற்றுக்கொள்ளுதல். "பராய்" என்பது பெருக்கித் தள்ளுதல். "பிளாக்" என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தாது. ஏற்பது என்றால் எதிரில் வருவதை வாங்கி வேறு பக்கம் விடுவதும் அடக்கம், அதைக் கால் நகராமல் கை மட்டும் செய்ய முடியாது.

பாதத்தடம்

சிமெண்டுத் தளத்தில் ஈரக்காலால் செய்வதுதான் எளிது. காலை நனைத்து ஒருமுறை சாக்கில் ஒற்றிவிட்டு நின்றால் தடம் தெளிவாக விழும். கோடையில் இரண்டு மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும், அதனால் இன்னொருவர் சாக்பீஸோடு கூடவே நகர்ந்து ஒவ்வொரு குதிகாலையும் குறித்து எண் போட வேண்டும். கோலமாவை உள்ளங்காலில் தொட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால் கல்மாவாக இருக்க வேண்டும், அரிசிமாவு வியர்வையில் களியாகிவிடும். சிவப்பு ஆக்சைடு தரையில் எந்த மாவும் வேண்டாம், 10-ஆம் அசைவில் ஆள் விழுவார்.

முன்காலை மடக்கி நிற்கும் சென்குட்சு தாச்சிக்கு அளவு: குதிகாலிலிருந்து குதிகால் வரை நீளவாட்டில் இரண்டு தோளகலம், குறுக்கில் ஓர் இடுப்பகலம். சராசரி உயரக்காரருக்குச் சுமார் 80 செ.மீ., 30 செ.மீ. பிள்ளைகளுக்கு அவரவர் தோளை அளந்துகொள்ளவும். பெரியவர் அளவைக் கொடுத்தால் பின்குதிகால் தூக்கிக்கொள்ளும்.

நீளம் பெரும்பாலும் ஓரளவு சரியாகவே வரும். அகலத்தில்தான் கோளாறு. முதல் திருப்பத்துக்குப் பிறகு இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் விழுந்திருக்கும், வரப்பில் நடக்கிற மாதிரி. வரப்பு நடை வயலுக்கு நல்லது. கட்டாவில் தோளில் இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் ஆள் சாய்ந்துவிடுவார். இதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை, 3-ஆம் அசைவின் கணக்கு தெரியாததுதான். 2-ஆம் அசைவில் மேற்கு பார்த்து நிற்கிறோம். வலது கால் இடது காலுக்கு 80 செ.மீ. மேற்கிலும் 30 செ.மீ. வடக்கிலும் இருக்கிறது. திரும்பிய பிறகு அதே வலது கால் 80 செ.மீ. கிழக்கிலும் 30 செ.மீ. தெற்கிலும் இருக்க வேண்டும். அதாவது 160 செ.மீ. பின்னால் போவதோடு, குறுக்கே 60 செ.மீ. கடக்க வேண்டும். இடுப்பகலம் 30 என்று மனதில் வைத்திருப்பவர் குறுக்கே 30 மட்டும் கடப்பார். மிச்சம் பூஜ்யம், வரப்பு தயார். இன்னும் சிலர் நேராகப் பின்னால் இழுப்பார்கள், அவர்களுக்குக் கால் பின்னிக்கொள்ளும்.

சரியான பாதை: வலது கால் இடது காலின் வடக்குப் பக்கத்தை ஒட்டி உள்ளே வந்து, அதைத் தாண்டிய பிறகு தெற்கே விரிய வேண்டும். அந்தக் கடைசி விரிப்புக்குத் தரையில் ஒரு செங்கல் அகல அடையாளம் போட்டுப் பழகினால் ஒரு வாரத்தில் பிடிபடும். 12-ஆம் அசைவும் இதே கணக்குதான். 6-ஆம் அசைவில் இடது கால் 110 செ.மீ. மேற்கே, 50 செ.மீ. வடக்கே போகிறது, இதில் தப்பு அதிகம் வருவதில்லை.

தொடங்கிய இடத்துக்குத் திரும்பாத 40 செ.மீ.

கட்டா தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும் என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். முடியாவிட்டால் "ஸ்டான்ஸ் சரியில்லை" என்று பொதுவாகத் திட்டு விழும். எந்த ஸ்டான்ஸ் என்று கேட்டால் பதில் வராது. இதைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

யோய் நிலையில் (தொடங்கும் முன் தயாராக நிற்கும் நிலை) இரண்டு குதிகாலுக்கும் நடுப்புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, கிழக்கும் வடக்கும் கூட்டல், மேற்கும் தெற்கும் கழித்தல் என்று கொள்ளவும். வலது குதிகால் தொடக்கத்தில் கிழக்கே 15. முதல் அசைவில் இடது கால் மேற்கே 65, தெற்கே 30. இரண்டில் வலது கால் மேற்கே 145, வடதெற்கு பூஜ்யம். மூன்றில் அது கிழக்கே 15, தெற்கே 60. இப்படி 21 வரை எழுதிக்கொண்டே போனால் கடைசியில் வலது குதிகால் வந்து நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது ஒரே ஓர் அசைவு: நான்காவது.

தெட்சுய் அடிக்க முன்காலை உள்ளே இழுக்கிறோம். சில வகுப்புகளில் இழுத்த காலை மறுபடி முழு நீளத்துக்கு முன்னே வைத்து அடிக்கச் சொல்வார்கள்; சிலவற்றில் பாதியிலேயே நிறுத்தி, உயர்ந்த நிலையில் அடிக்கச் சொல்வார்கள். முழுக்க முன்னே வைத்தால் மற்ற எல்லாம் சரியாக இருக்கும் பட்சத்தில் கட்டா அதே புள்ளியில் முடியும். பாதியில், அதாவது 40 செ.மீ. குறைத்து நிறுத்தினால், 5-லிருந்து 21 வரை அத்தனை தடமும் 40 செ.மீ. மேற்கே தள்ளிப் போகும். யாமேயில் ஆள் கல்லணைப் பக்கம் 40 செ.மீ. நகர்ந்து நிற்பார். இது பிழையே இல்லை, அந்த முறையின் விளைவு. இரண்டாம் முறையில் சொல்லிக்கொடுத்துவிட்டு "ஏன் அதே இடத்துக்கு வரவில்லை" என்று பிள்ளைகளைக் கேட்பது நியாயமில்லை.

வடக்கு தெற்கில் வரும் பிசகு வேறு சங்கதி. வடக்கே போகிற 6 முதல் 9 வரை நான்கு நிலை, தெற்கே வருகிற 14 முதல் 17 வரை நான்கு நிலை, ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். அகே-உகேயில் அடி குட்டையாகவும், கியாய் நோக்கிப் பாய்கிற ஓய்-சுக்கியில் அடி நீளமாகவும் வைத்தால் தெற்கே தள்ளும். 3-இல் அகலம் தொலைந்து 12-இல் மட்டும் அகலம் சரியாக வந்தால் வடக்கே 30 செ.மீ. தள்ளும். சாக்பீஸ் எண்களைப் பார்த்தால் எது என்று உடனே தெரியும்.

தராசு

எடையில் முன்னால் 60 சதவீதம், பின்னால் 40 என்று சென்குட்சு தாச்சிக்கும், முன்னால் 30, பின்னால் 70 என்று பின்காலில் எடை ஏற்றும் கொகுட்சு தாச்சிக்கும் பாடம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இரண்டு வாங்கி ஒவ்வொரு காலுக்கும் ஒன்று வைத்தால் வேலை முடிந்தது, ஆனால் சில விஷயம் கவனிக்க வேண்டும்.

டிஜிட்டல் வேண்டாம். பல டிஜிட்டல் மெஷின்கள் எண் நிலைத்ததும் அதையே பிடித்து வைத்துக்கொள்ளும், அதன் பிறகு நீங்கள் எப்படிச் சாய்ந்தாலும் மாறாது. முள் ஓடுகிற பழைய வகைதான் இதற்குத் தோது. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே உயரம். ஒன்று உயர்ந்திருந்தால் எடை மற்றதன் பக்கம் சாயும். முதலில் ஒரே ஆளை இரண்டிலும் தனித்தனியே நிறுத்தி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளவும். அடியில் நனைத்த சாக்கு அல்லது ரப்பர் பாய் கட்டாயம் வேண்டும். சென்குட்சுவில் இரண்டு காலும் தரையை எதிரெதிராகத் தள்ளும். வழவழப்பான டைல்ஸில் வைத்த மெஷின் சறுக்கிக்கொண்டு போகும். முள் காட்டுவது நேர் கீழே அழுத்தும் எடையை மட்டும், இந்தத் தள்ளலை அல்ல.

60 கிலோ ஆளுக்கு சென்குட்சுவில் முன்னால் 36, பின்னால் 24 வர வேண்டும். கொகுட்சுவில் முன்னால் 18, பின்னால் 42. இரண்டு முள்ளையும் கூட்டினால் முழு எடை வர வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தாலோ கூடினாலோ ஆள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார், அல்லது சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். 80 செ.மீ. நிலையில் 60க்கு 40 என்றால் உடம்பின் பாரம் முன்காலுக்கு 32 செ.மீ. பின்னால் இறங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் தரையில் ஒரு கோடு போட்டு, பெல்ட் முடிச்சிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாம். தொப்புளுக்கு நேர் கீழே பாரம் இறங்குவதில்லை, ஆனாலும் பழக இந்த அடையாளம் போதும்.

வழக்கமாகத் தெரியும் கோளாறுகள்: ஓய்-சுக்கியில் தோள் முன்னே போய் எடை முன்காலில் குவியும், முன்முழங்கால் பெருவிரலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். திருப்பம் முடிந்த கெதான் பராயில் அதற்கு எதிர், பின்காலிலேயே பாதி எடை தங்கிவிடும், ஏனென்றால் சுழன்ற காலை விட மனமில்லை. கொகுட்சுவில் பெரும்பாலோர் சரிபாதியாகத்தான் நிற்கிறார்கள். 42 கிலோவைப் பின்காலில் நிறுத்தச் சொன்னால் அரை நிமிடத்தில் தொடை நடுங்கும், பின்முழங்கால் உள்ளே சரியும். முழங்கால் உள்ளே சரிந்தபடி எடை ஏற்றவே கூடாது; அதைவிட பின்கால் எடையைக் குறைத்துக்கொண்டு 60 சதவீதத்தில் நின்று பழகலாம்.

திருப்பம்

மணலுக்கு வந்த காரணமே இதுதான். 10-ஆம் அசைவில் உடம்பு 270 பாகை சுற்றுகிறது. ஆனால் இடது குதிகால் வலது குதிகாலைச் சுற்றிப் போகும் வில்லை அளந்தால் சுமார் 131 பாகைதான். பின்னால் இருந்த கால், முதுகுப் பக்கமாகவே குறுக்கு வழியில் கிழக்கே போய்விடுகிறது. இது தெரியாமல் 270 பாகையையும் காலால் வீசிச் சுற்ற முயல்பவர்கள் தடுமாறுவார்கள். முதலில் இடுப்பும் பார்வையும் திரும்பட்டும், கால் குறுகிய பாதையில் பின்தொடரட்டும்.

ஊன்றிய வலது பாதத்தின் கதை இன்னும் முக்கியம். அது வடக்கு பார்த்து இருந்தது, முடிவில் தென்கிழக்காகப் பின்கால் கோணத்தில் நிற்க வேண்டும்: சுமார் 230 பாகை சுழற்சி. இவ்வளவையும் பாதம் முழுவதையும் தரையில் அழுத்தியபடி செய்தால் சொரசொரப்பான சிமெண்டில் பாதம் பிடித்துக்கொள்ளும், மேலே உடம்பு போய்க்கொண்டிருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். கட்டா பயிலும் பிள்ளைகளுக்கு முழங்கால் வலிக்கிறது என்றால் முதலில் இந்தத் திருப்பத்தையும் 18-ஐயும் பார்க்கவும்.

ஈரமணலில் இது வெளிப்படையாகத் தெரியும். குதிகாலில் சுழன்றால் ஒரு சின்ன உருண்டைக் குழியும், அதைச் சுற்றி விரல் பக்கம் வழித்த விசிறியும் கிடக்கும். முன்பாதத்தில் சுழன்றால் குழி முன்னால், விசிறி பின்னால். தேய்த்து இழுத்த சேறு போல நீள்வட்டம் கிடந்தால் பாதம் முழுவதும் தரையில் இருந்தது என்று பொருள். எதில் சுழல்வது என்பது வகுப்புக்கு வகுப்பு மாறும். ஒரே கட்டாவுக்குள் மாறக் கூடாது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே 18 செ.மீ. என்றால், 230 பாகை சுழற்சியில் இரண்டு முறைக்கும் குதிகால் நிற்குமிடம் சுமார் 33 செ.மீ. வேறுபடும். 10-இல் ஒரு மாதிரியும் 18-இல் ஒரு மாதிரியும் சுழல்பவருக்கு மேலே போட்ட 40 செ.மீ. கணக்கு எதுவும் பொருந்தாது, முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சிலம்பத்தில் காலடி வரிசையைப் பிடித்து வீடு கட்டுவது என்று சொல்வார்கள். கம்பு அதற்குப் பிறகுதான். அந்தப் பழக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தத் திருப்பங்கள் சீக்கிரம் வந்துவிடுவதில் ஆச்சரியமில்லை.

கேமரா

ஃபோன் போதும். நொடிக்கு 30 ஃபிரேம் வேண்டாம்; ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிநொடி, குத்தின் கடைசிப் பகுதி இரண்டு மூன்று ஃபிரேமில் போய்விடும். 240-இல் ஒரு ஃபிரேம் 4 மில்லிநொடி. டியூப் லைட்டின் கீழே 240-இல் எடுத்தால் படம் விட்டுவிட்டு மினுக்கும், கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். மொட்டை மாடியில் பகல் வெளிச்சம் சரியானது. ஃபோன் இடுப்பு உயரத்தில், 5 மீட்டர் தள்ளி, நகரும் திசைக்கு நேர் குறுக்கே. ஆள் நடக்கிற அதே கோட்டில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட கம்பு ஒன்றைப் படுக்க வைத்தால் படத்தில் அளக்கலாம். கம்பு பின்னால் சுவரோரம் இருந்தால் அளவு தப்பும்.

பார்க்க வேண்டியது ஒன்றே: முன்பாதத்தின் எடை இறங்கிய ஃபிரேமும் குத்தும் கைமுட்டி நின்ற ஃபிரேமும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கை முன்னதாக நின்றால் உடம்பின் எடை குத்தில் இல்லை. கால் வெகு முன்னதாக நின்றால் கை மட்டும் தனியாகப் போயிருக்கிறது.

தலை மேலும் கீழும் ஆடுவதைப் பார்க்க வீடியோவே வேண்டாம். ஸ்டான்ஸில் நிற்கும்போது உச்சந்தலைக்கு இரண்டு விரல் மேலே நூலைக் கட்டி, 7, 8, 9-ஐச் செய்யச் சொன்னால் போதும். கால் கூடும்போது முழங்காலை நிமிர்த்துபவர் நூலில் இடிப்பார்.

கை

இவ்வளவும் எழுதி வைத்த பிறகு கைக்கு வரலாம். ஜோடியாக, கால்வாசி வேகத்தில், ஷின் கார்டும் ஒரு கைப்பேடும் வைத்துக்கொண்டு.

கெதான் பராய்: கைமுட்டி எதிர்க்காது அருகிலிருந்து இறங்கி முன்முழங்காலுக்கு ஒன்றரைக் கைமுட்டி அளவு மேலே நிற்கிறது. நேரே வரும் மாய்-கெரி உதைக்கு இதை நின்ற இடத்தில் போட்டுப் பாருங்கள், மெதுவாகவே. முன்கை எலும்பு கணைக்கால் எலும்பில் மோதும், வலிப்பது கைக்காரருக்கு. கால் தடித்த எலும்பு, கை மெல்லியது, இதில் கை ஜெயிக்க வழியில்லை. அதே கெதான் பராயை உடம்பு கோட்டை விட்டு விலகியபடி, 3-இன் 60 செ.மீ. குறுக்கு நகர்வோடு செய்தால் உதை பக்கத்தில் போய்விடும், கை அதைத் தடவித் தள்ளினால் போதும். அந்த விரிப்பைக் கட்டாவில் தொலைத்தவருக்கு இங்கேயும் அது வராது. கட்டாவிலுள்ள ஆறு கெதான் பராயும் ஏதாவதொரு திருப்பத்தின் முடிவில்தான் வருகின்றன. ஒன்றுகூட நேராக முன்னேறும் அடியில் இல்லை. காலைப் பார்க்காதவர் கண்ணில் இது படவே படாது.

தெட்சுய்: வலது மணிக்கட்டை எதிராளி பிடித்துக்கொண்டார் என்று வைத்துப் பார்த்தால் 3-க்கும் 4-க்கும் உள்ள தொடர்பு விளங்கும். கையை மட்டும் இழுத்தால் சமபலமுள்ள ஆளிடம் வராது. கால் உள்ளே வரும்போது முன்காலிலிருந்த எடை பின்னால் போகிறது. அந்த எடை மணிக்கட்டை இழுக்கிறது. கை பிடியின் பெருவிரல் பக்கம் திரும்பி வெளியே வர வேண்டும். நான்கு விரல் பக்கமாக இழுத்துக்கொண்டு "புன்காய் வேலை செய்யவில்லை" (புன்காய் என்பது கட்டா அசைவைப் பிரித்து ஜோடியாகப் பயன்படுத்திப் பார்ப்பது) என்பவர்கள் நிறையப் பேர். வெளியே வந்த முட்டி மேலே சுற்றி இறங்கும் இடத்தில் பேடைப் பிடிக்கவும். கழுத்தெலும்பில் விளையாட்டு வேண்டாம். முன்காலைப் பாதியில் நிறுத்தும் முறைக்கும் இங்கே காரணம் கிடைக்கிறது: எதிராளி இழுபட்டு நம் பக்கம் வந்துவிட்டார், முழு நீளம் வைத்தால் அவரைத் தாண்டிப் போய்விடுவோம். அந்த 40 செ.மீ. இங்கே செலவாகிறது.

அகே-உகே: மெல்லிய பிரம்பில் கோலமாவைத் தடவி, தலைக்கு மேலிருந்து மெதுவாக இறக்கவும். முன்கை கிடைமட்டமாக இருந்தால் பிரம்பு அதன் மேலேயே தங்கும், கொஞ்சம் அழுத்தினால் நெற்றிக்கு வரும். மணிக்கட்டு முழங்கையைவிட உயர்ந்து, கை கூரைச் சாய்வாக இருந்தால் பிரம்பு வெளிப்பக்கம் வழிந்துவிடும். மாவு எங்கே ஒட்டியது என்பதையும் பார்க்கவும். முன்கையின் மணிக்கட்டுப் பக்கம் ஒட்டினால் தூரம் சரி. முழங்கையை ஒட்டி விழுந்தால் எதிராளி மிக அருகில் வந்துவிட்டார். அந்தத் தூரத்தில் தாடைக்கு அடியில் முன்கையால் தள்ளத்தான் முடியும். வேகமான கம்படியை வெறுங்கையில் வாங்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. சிலம்பம் ஆடியவர்கள் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

மூன்று அகே-உகேயும் முன்னேறியபடியே வருவது பலரைக் குழப்பும் இடம். மூன்றும் தடுப்பு என்றால் எதிராளி பின்னால் போய்க்கொண்டே மூன்று முறை அடித்திருக்க வேண்டும். அப்படி யாரும் அடிப்பதில்லை. 6-க்குப் பிறகு இடது கை விரித்து மேலே எழுவதைக் கவனியுங்கள். வாங்குவது அந்தக் கை. அதன் பின்னால் காலோடு வரும் முன்கை தாடைக்கோ கழுத்துக்கோ போகிறது என்று கொண்டால் முன்னேற்றத்துக்குப் பொருள் கிடைக்கிறது, இடுப்புக்குத் திரும்பும் ஹிக்கிதே கைக்கும் வேலை கிடைக்கிறது: பிடித்ததை இழுத்துக்கொண்டு வருவது.

ஷுத்தோ-உகே நான்கிலும் விரித்த கை எல்லோர் கண்ணிலும் படுகிறது, 70 சதவீதப் பின்கால் படுவதில்லை. 18-க்கும் 19-க்கும் நடுவே 45 பாகை விலகல் இருக்கிறது. எதிராளியின் நேர்கோட்டை விட்டு வெளியேறுவது அந்த அடி. எடை முன்காலில் இருந்தால் அந்தக் காலைச் சட்டென எடுக்க முடியாது. பின்காலில் இருந்தால் முன்கால் இலேசாக இருக்கும், உதைக்கவும் ஆகும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை பாக்கி. கட்டாவை இடம்வலம் மாற்றி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி செய்து, மறுபடி குதிகால்களைக் குறிக்கவும். முன்பு மேற்கே தள்ளிய 40 செ.மீ. இப்போது கிழக்கே தள்ளினால் காரணம் நான்காவது அசைவுதான். இப்போதும் மேற்கே தள்ளினால் காலைக் குறை சொல்ல வேண்டாம். மழைத்தண்ணீர் வடிய மொட்டை மாடித் தளத்துக்கு எந்தப் பக்கம் வாட்டம் விட்டிருக்கிறார்கள் என்று ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கவும்.